பிள்ளைகளின் ஷூ எத்தனை மாதம் வரும்? நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளின் ஷூவைக் கழுவ எடுத்தேன். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது வாங்கிய சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூ, தினமும் அதுதான். சோல் தேயவில்லை, தையல் எங்கும் விடவில்லை. மனத்துக்குள் கடைக்காரரை வாழ்த்திக்கொண்டே உள்ளே இருந்த இன்சோலை உருவினேன். அதில் ஐந்து விரல்களின் தடமும் அழுக்கேறிப் பள்ளமாகப் பதிந்திருந்தது. நாலு விரல்களுக்கு முழு வட்டம். பெருவிரலுக்கு மட்டும் அரை வட்டம். மீதி அரை, இன்சோலைத் தாண்டி ஷூவின் முன்சுவரில் முட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"இடிக்குதாம்மா?"

"கொஞ்சம் இடிக்கும்."

"ஏன் சொல்லல?"

"ஷூ நல்லாத்தானேப்பா இருக்கு."

நான் கற்றுக்கொடுத்ததைத்தான் அவள் திருப்பிச் சொன்னாள். ஷூ எத்தனை நாள் உழைக்கும் என்பதை நாம் சோலைப் பார்த்தே கணக்குப் போடுகிறோம். பெரியவர்களுக்கு அது சரி. வளர்கிற கால் விஷயத்தில், பெரும்பாலும் சோல் தேய்வதற்கு முன்பே ஷூ சின்னதாகிவிடுகிறது. "எம் பையன் ஷூ ரெண்டு வருஷமா அப்படியே இருக்கு" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான் வருகிறது. வாங்கியபோது தொளதொளவென்று இருந்திருக்கும், இல்லாவிட்டால் இப்போது உள்ளே விரல் மடங்கிக் கிடக்கும். முதல் வருடம் அது, இரண்டாம் வருடம் இது என்றும் இருக்கலாம்.

சரி, எத்தனை மாதம்தான்? பள்ளிக்கும் விளையாட்டுக்கும் ஒரே ஜோடி என்றால், என் கணக்கு இது: எல்.கே.ஜி.யிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை 4 முதல் 6 மாதம். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் 6 முதல் 9 மாதம். தினமும் சாயங்காலம் ஃபுட்பால், கூடைப்பந்து என்று போகிற பிள்ளை மூன்று மாதத்தில் கிழித்துக்கொண்டு வந்தால் கோபப்பட ஒன்றுமில்லை. ஓட்டப் பயிற்சி செய்கிற பெரியவர்கள் 500 முதல் 800 கிலோமீட்டருக்கு ஒரு ஜோடி என்று ஒரு கணக்கு வைத்திருப்பார்கள். அதைப் பிள்ளைகளிடம் கொண்டுவர வேண்டாம். அவர்கள் கிலோமீட்டர் ஓடுவதில்லை. குதிக்கிறார்கள், சறுக்குகிறார்கள், முட்டி போட்டு ஷூவின் மூக்கைத் தரையில் தேய்க்கிறார்கள்.

"வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா குடுங்க"

ஷூ கடையில் அதிகம் காதில் விழும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். இதில் பாதி நியாயம் உண்டு. கொஞ்சம் இடம் விட்டுத்தான் வாங்க வேண்டும். எவ்வளவு என்பதில்தான் கோட்டை விடுகிறோம்.

மூன்று முதல் ஆறு வயது வரை பாதம் மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளரும். அதற்குமேல் வேகம் கொஞ்சம் குறையும். அதுவும் சீராக வளராது. மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு ஒரே மாதத்தில் எட்டிப் பார்க்கும். நம் கடைகளில் பெரும்பாலும் புழங்குவது யு.கே. எண். அதில் ஒரு சைஸுக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம், சுமார் 8.5 மில்லிமீட்டர். நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், அதாவது நம் கட்டைவிரல் அகலம், இடம் இருந்தால் அது சரியான அளவு. வளர்வதற்கும், நடக்கும்போது கால் முன்னால் நகர்வதற்கும் சேர்த்துத்தான் அந்த இடம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். ஜூனில் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு வாங்கினால் டிசம்பருக்குள் அதில் பாதி போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் ஓடும்போது இடிக்கத் தொடங்கும். வருடத்துக்கு ஒரு ஷூ என்ற நம் வழக்கம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒத்துவராது. ஏப்ரல் பரீட்சை வரை இழுத்துவிடலாம் என்று நினைப்பதும் இந்த மாதங்களில்தான்.

அதற்குத்தான் இரண்டு சைஸ் பெரிதாக வாங்குகிறோம் என்பீர்கள். அப்படி வாங்கிய ஷூ அதிக நாள் வருவதும் இல்லை. ஷூ மடங்க வேண்டிய இடம் விரல்கள் தொடங்கும் இடம். பெரிய ஷூவில் பிள்ளையின் கால் ஒரு இடத்தில் மடங்கும், ஷூ வேறு இடத்தில் மடங்கும். அந்த மடிப்பில் மேல்துணி வெடிக்கும். குதிகால் மேலும் கீழும் ஏறி இறங்கி உள்பக்கத் துணி கிழியும், காலில் கொப்புளம் வரும். முன்பக்கம் நீண்டிருப்பதால் மாடிப்படியில் தட்டும், சோல் மூக்கிலிருந்து வாய் பிளக்கும். பிள்ளை ஷூ கழன்றுவிடாமல் இருக்க விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடக்கும். முன்னால் பஞ்சு அடைப்பதும், இரண்டு சாக்ஸ் போடுவதும் இதைச் சரி செய்யாது.

அழுத்திப் பார்த்தால் தெரியாது

கடையில் ஷூவின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தி, "இடம் இருக்கு" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். நாம் அழுத்தியதும் பிள்ளை விரலை மடக்கிக்கொள்ளும், தெரியாமலேயே. மூக்கு கெட்டியாக உள்ள ஷூவில் அழுத்தியும் ஒன்றும் புரியாது. "சரியா இருக்கா கண்ணு?" என்று கேட்டாலும் பயனில்லை. லைட் எரிகிற ஷூ வேண்டும் என்றால் எது இடித்தாலும் சரியாகத்தான் இருக்கும்.

நம்பகமான வழி, இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் பிள்ளையை நிற்க வைப்பது. குதிகால் பின் விளிம்போடு ஒட்டியிருக்க வேண்டும். இரண்டு காலையும் பாருங்கள். பலருக்கு ஒரு கால் சற்றுப் பெரிது, அந்தக் காலுக்குத்தான் வாங்க வேண்டும். சாயங்காலம் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். பள்ளிக்குப் போடுகிற அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். பிள்ளையை அழைத்துப் போக முடியாவிட்டால், காகிதத்தில் நிற்க வைத்து பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துக் கோடு போட்டு, குதிகாலிலிருந்து நீளமான விரல் வரை சென்டிமீட்டரில் அளந்து எடுத்துப் போங்கள். இணையத்தில் வாங்குவோருக்கும் அந்த சென்டிமீட்டர்தான் துணை. போன தடவை வாங்கிய சைஸ் எண்ணோடு ஒன்று கூட்டி ஆர்டர் போடுவது ஏமாற்றும். ஒரே எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். யு.கே. கணக்கில் குழந்தைகள் சைஸ் 13-க்கு அப்புறம் மறுபடி 1-லிருந்து தொடங்கும் என்பதால், "என் பையனுக்கு 1" என்று சொல்லிக் கைக்குழந்தை ஷூ வந்து இறங்கிய வீடுகளும் உண்டு.

அகலத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பருக்கும் 2022 மார்ச்சுக்கும் இடையில் நாடு முழுக்க 79 இடங்களில், 5 முதல் 55 வயது வரையிலான 1,01,880 பேரின் பாதத்தை அளந்து பார்த்தது. இந்தியர்களின் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிடப் பொதுவாக அகலமானது என்று தெரிந்தது. அதனால் நமக்கென்று 'பா' என்ற தனி அளவு முறையைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். பாரத் என்பதன் முதல் எழுத்து. அதே ஆய்வில் சராசரி இந்தியப் பெண்ணின் பாதம் 11 வயதிலும் ஆணின் பாதம் 15, 16 வயதிலும் முழு அளவை எட்டுகிறது என்றும் வந்தது. ஆக, பையன்களுக்கு இந்த அளவெடுக்கும் வேலை பத்தாம் வகுப்பு வரை நீளும். வெளிநாட்டு அச்சில் வார்த்த குறுகலான ஷூ சுண்டுவிரலை நெரித்தால், நீளம் கூட்டி அடுத்த சைஸ் வாங்காமல் வேறு மாடலைத் தேடுங்கள்.

தேய்மானம் எங்கே தெரியும்

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதோடு நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன்பே சாகிறது நடுவில் உள்ள ஃபோம். இப்போதைய ஸ்போர்ட்ஸ் ஷூக்களில் அது பெரும்பாலும் இ.வி.ஏ. எனப்படும் பொருள், நுண்ணிய காற்றறைகள் நிறைந்தது. மிதித்து மிதித்து அந்த அறைகள் நசுங்கியதும் மெத்தைத்தன்மை போய்விடும். ஷூவை மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், ஃபோம் பக்கவாட்டில் ஆழமாகச் சுருக்கம் விழுந்திருந்தால், துணி பிழிவது போல முறுக்கும்போது எதிர்ப்பே இல்லாமல் திரும்பினால், அதன் வேலை முடிந்தது.

குதிகாலின் வெளி ஓரம் சற்று அதிகம் தேய்வது சாதாரணம். உள் ஓரம் மட்டும் தேய்கிறது, அல்லது இடது வலது இரண்டும் வேறு வேறு மாதிரி தேய்கிறது என்றால், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது பழைய ஷூவையும் கையில் எடுத்துப் போங்கள். ஆனால் அதற்கு முன் பையன் சைக்கிளை எப்படி நிறுத்துகிறான் என்று ஒரு நாள் நின்று பாருங்கள். பிரேக் பிடிக்காமல் இடது காலைத் தரையில் இழுத்து நிறுத்துகிற வீரர்கள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மூக்கு மட்டும் மொட்டையாகும்.

எட்டு முதல் பதினான்கு வயதுக்குள் விளையாடிவிட்டு வந்து குதிகால் வலிக்கிறது என்றால் ஷூவைச் சோதியுங்கள். அந்த வயதில் குதிகால் எலும்பின் வளரும் பகுதி இழுபட்டு வலிப்பது அடிக்கடி வருவது. நசுங்கிப்போன ஷூ அதைக் கூட்டும். புது ஷூவிலும், சில நாள் ஓய்விலும் வலி அடங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள்.

நாமே கொல்வது

லேஸை அவிழ்க்காமல் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டு காலை நுழைப்பது. காலை 7.50-க்கு வேன் ஹாரன் அடிக்கும்போது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். குதிகாலைப் பிடிக்கும் அந்தக் கெட்டியான பகுதி ஒரு தடவை மடிந்துவிட்டால் திரும்ப நிமிராது. அதற்கப்புறம் அது ஷூ வடிவத்தில் உள்ள செருப்பு. லேஸ் கட்டத் தெரியும்வரை வெல்க்ரோவே மேல். வெல்க்ரோ ஒட்டவில்லை என்று ஷூவைத் தூக்கிப்போட வேண்டாம். அதில் சிக்கிய நூலையும் முடியையும் பழைய பல் பிரஷ்ஷால் சீவி எடுத்தால் மறுபடி ஒட்டும்.

அடுத்தது வெயில். ராத்திரி சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து, காலையில் மெஷினில் போட்டு, மொட்டை மாடித் தரையில் உச்சி வெயிலில் காய வைப்பது. ஒட்டியிருக்கும் பசை சூட்டில் இளகும், ஃபோம் சுருங்கும். நாலு ஞாயிறு இப்படிச் செய்தால் சோல் தானாக வாய் திறக்கும். ஈரத் துணியால் துடைத்து, இன்சோலையும் லேஸையும் மட்டும் தனியாகக் கழுவினாலே பெரும்பாலும் போதும். மழையில் நனைந்து வந்தால் உள்ளே நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்து, ஒரு மணி நேரத்தில் அதை மாற்றி, நிழலில் ஃபேன் காற்றில் வையுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரே ராத்திரியில் எந்த ஷூவும் காயாது. ஈர ஷூவை மறுநாளும் போட்டால் நாற்றம் மட்டுமில்லை, விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் வரும். முடிந்தால் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போடுவதே நல்லது. பி.டி. பீரியடுக்கு வாங்கும் வெள்ளை கேன்வாஸை அந்த இரண்டாவது ஜோடியாக வைத்துக்கொள்ளலாம், நடப்பதற்கு மட்டும். அதில் மெத்தை என்று ஒன்றும் கிடையாது. சிமென்ட் தரையில் ஓட்டப் பயிற்சிக்கு அது ஆகாது.

தள்ளுபடியில் அடுத்த வருடத்துக்கும் சேர்த்து வாங்கிப் பரணில் வைப்பதும் ஏமாற்றம்தான். கால் நாம் நினைத்த அளவுக்கு வளர்ந்து நிற்பதில்லை. பியு (பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்) சோல் என்றால் இன்னொரு சிக்கல்: காற்றின் ஈரமே அதை மெல்ல மெல்ல அரிக்கும். சில வருடம் பெட்டியிலேயே கிடந்த 'புது' ஷூ, போட்ட முதல் நாளே ரஸ்க் மாதிரி உதிரும்.

அண்ணன் ஷூவைத் தம்பிக்குக் கொடுக்கலாமா? நாலு தடவை போட்ட விசேஷ ஷூவைத் தாராளமாகக் கொடுக்கலாம். தினமும் போட்டதில் அண்ணனின் கால் வடிவம் பதிந்திருக்கும், அவன் சாய்த்து நடந்த சாய்வும் சேர்ந்து வரும். அண்ணனுக்குப் பாதத்தில் அரிப்பு இருந்திருந்தால் அந்தப் பூஞ்சையும் வரலாம்.

தைத்து ஓட்டலாமா என்றால், பல சமயம் ஓட்டலாம். மூக்கில் சோல் விட்டுப்போனதைச் சொல்யூஷன் மட்டும் போட்டு ஒட்டினால் ஒரு வாரம். சுற்றித் தைத்து வாங்கினால் சில மாதம் வரும். பின்பக்கம் மடிந்ததையும் ஃபோம் நசுங்கியதையும் எந்தத் தெருமுனைத் தையல்காரராலும் சரி செய்ய முடியாது. எதுவானாலும் அவரிடம் கொடுப்பதற்கு முன் இன்சோலை உருவிப் பிள்ளையை அதன்மேல் நிற்க வையுங்கள். விரல் விளிம்புக்கு வந்திருந்தால் தையல் கூலியாவது மிச்சம்.