ஸ்ட்ரோலரோடு விமானம் ஏறும் முன்

குழந்தையின் ஸ்ட்ரோலரை, அதாவது தள்ளுவண்டியை, பெட்டிகளோடு சேர்த்து செக்-இன் கவுன்ட்டரிலேயே போட்டுவிடாதீர்கள். பெரும்பாலான விமான நிறுவனங்களில் விமானத்தின் வாசல் வரை தள்ளிக்கொண்டு போகலாம். அதற்கான டேக்கை மட்டும் கவுன்ட்டரில் கேட்டு வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். இறங்கியதும் வாசலிலேயே கிடைக்குமா, பெட்டிகளோடு பெல்ட்டில் வருமா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள். வழியில் விமானம் மாறுபவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த கேட் வரை நடப்பது பெரும்பாடு. அதனால் குழந்தையை உடம்போடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.

பாதுகாப்புச் சோதனையில் குழந்தையை இறக்கி, ஸ்ட்ரோலரை மடித்து எக்ஸ்ரேயில் வைக்கச் சொல்வார்கள். அடிக்கூடையை முன்பே காலி செய்துவிடுங்கள். அப்புறம், விமானம் கீழிறங்கும்போது பிள்ளைக்குக் காது அடைக்கும். பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்.