மெடினில்லா வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவு மலைக்காடுகளுக்கு உரிய மெடினில்லா மாக்னிஃபிகா என்னும் அரிய பூஞ்செடியைப் புதிதாக வாங்கியவர்கள் யோசனை கேட்டு வரும்போதெல்லாம், தொடக்கத்தில் நானும் செய்த அதே பிழைகளையே காண்கிறேன். தண்ணீர் ஊற்ற மறப்பது, மாவுப்பூச்சியைக் கவனியாமல் விடுவது ஆகியவை எவருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

தோட்ட மண்ணில் நடுவது

இத்தவறைக் கண்டால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பெருமரங்களின் கவைகளில் சேர்ந்த பாசியிலும் மட்கிய இலைகளிலும் வேரோடி, மழையில் நனைந்து, சற்று நேரத்தில் காற்றில் உலர்ந்து வாழும் தொற்றுச்செடி இது. மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை. அகன்ற இலைகளையும் தடித்த தண்டையும் பார்த்து, செம்பருத்திக்குச் செய்வதைப் போலச் செம்மண்ணும் தொழுவுரமும் நிரப்பிய பெரிய தொட்டிக்கு மாற்றிவிடுகிறார்கள்.

என் உறவினர் ஒருவர், இளஞ்சிவப்புப் பூங்கொத்துகள் தொங்கிக்கொண்டிருந்த செடியை நல்ல விலை கொடுத்து வாங்கி, வந்த அன்றே அவ்வாறு மாற்றினார். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்ததால் காற்றின்றி வேர் அழுகத் தொடங்கியது, இலைகள் தொங்கின. வாடிய செடியும் வேர் அழுகிய செடியும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால், அவர் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார். என்னிடம் கொண்டுவந்தபோது, இழுத்த மாத்திரத்தில் வேரின் தோல் கையோடு கழன்று வந்தது. "தண்ணீருக்குக் குறையே வைக்கவில்லையே, தம்பி" என்றார். செடியைக் கொன்றது அந்தத் தண்ணீர்தான்.

தேங்காய் மட்டைத் துண்டுகள், மரப்பட்டைத் துண்டுகள், மரக்கரி ஆகியவற்றைக் கலந்து, பழைய தொட்டியைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டுமே அகலமான தொட்டியில் நட வேண்டும். தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்புவோர் மண்ணின் குறையையே வேறு வடிவில் கொண்டுவருகிறார்கள். அதுவும் நீரைப் பிடித்து வைக்கும், நன்கு அலசாவிட்டால் உப்பும் தங்கும். மேற்பரப்பு உலர்ந்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பூக்கவில்லை என்று உரமிடுவது

மொட்டுக்கட்டுவதற்குச் சில வாரங்கள் குறைந்த நீரும், ஏறத்தாழ 15 முதல் 17 டிகிரி செல்சியஸ் வரையிலான இரவுக் குளிர்ச்சியும் தேவை. சென்னை இரவுகளில் அது கிடைப்பதில்லை. ஏற்காட்டின் குளிர்காலத்தில் கிடைக்கிறது. குளிர்ச்சி இல்லாத இடத்தில் உரமிட்டால் இலைதான் பெருகும்.

மொட்டு வந்தபின் தொட்டியை நகர்த்துவது

உதிர்ந்துவிடும்.

மொட்டைமாடி வெயில்

இலை கருகும்.

காட்டில் எடுத்த செடியை வாங்குவது

அனுமதியின்றிக் காட்டிலிருந்து செடி எடுப்பதைப் பிலிப்பைன்ஸின் 2001ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டம் தடைசெய்கிறது. பெருமரங்கள் வெட்டப்படும்போது இச்செடி தொற்றிக்கொள்ளும் இடமே அழிகிறது. எஞ்சியதையும் பிடுங்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். வேரில் காட்டுப்பாசியும் மரப்பட்டையும் ஒட்டியபடி வரும் செடியைத் திருப்பி அனுப்புங்கள். விண்பதியத்திலோ (தாய்ச்செடியில் இருக்கும்போதே கிளையை வேர்விடச் செய்து பிரிக்கும் முறை) தண்டுத் துண்டிலோ நாற்றுப்பண்ணையில் வளர்த்ததுதானா என்று கேட்டபின் பணம் கொடுங்கள்.