டச்சுக் கூட்டுச்சொற்களில் அசையும் அழுத்தமும்

டச்சு மொழியில் நீளமான கூட்டுச்சொல் ஒன்று எதிர்ப்பட்டால், அசைகளை எண்ணத் தொடங்குவதற்கு முன், நிலைமொழி எங்கே முடிந்து வருமொழி எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். தனிச்சொல்லில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ஒற்றை மெய் அடுத்த அசையைச் சேரும். அறையைக் குறிக்கும் 'காமர்' அவ்வாறே கா-மர் எனப் பிரியும். கூட்டுச்சொல்லில் இவ்விதி இணைப்பின் எல்லையைத் தாண்டாது. ஆகவே 'மாலை உணவு' எனப் பொருள்படும் 'ஆவொன்டேடன்' என்பதை வரியின் முடிவில் உடைக்க நேர்ந்தால் ஆ-வொன்ட்-ஏ-டன் என்றே உடைக்க வேண்டும்.

மெய்யின்மேல் உயிர் வந்தால் இரண்டையும் சேர்த்தே ஒலித்துப் பழகிய நாம் இடறுவது இங்கேதான். பல் மருத்துவரைக் குறிக்கும் 'டன்ட்+ஆர்ட்ஸ்' என்பதில், நிலைமொழியின் இறுதி டகரம் மெல்லொலிக்குரிய எழுத்தால் எழுதப்பட்டாலும், சொல்லிறுதியில் நிற்பதால் வன்மையாகவே ஒலிக்கும்; 'வண்டி'யின் டகரம்போல் அன்றிப் 'பாட்டி'ன் டகரம்போல் அதை ஒலிக்க வேண்டும். இரு சொற்களையும் சேர்க்க இடையில் வரும் 'ஸ்' போன்ற இணைப்பொலி எப்போதும் நிலைமொழிக்கே உரியது என்பதால், நகரப் பூங்கா ஸ்டட்ஸ்-பார்க் எனப் பிரியும்.

சில சொற்கள் இருவகையாகவும் பிரியும். 'டைக்ராம்ப்' என்பதை டைக்-ராம்ப் என்றால் கரையணைப் பேரிடர். டை-க்ராம்ப் என்றால் தொடைத் தசைப்பிடிப்பு. இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான் விழுகிறது என்பதால், இடம் நோக்கியே பொருள் கொள்ள இயலும்.

பெயர்ச்சொற்களில் முதன்மை அழுத்தம் பெரும்பாலும் நிலைமொழிக்கு உரியது. ஆனால் அது முதல் அசையிலேயே விழும் என்று கொள்ளக்கூடாது. நிலைமொழி தனித்து நிற்கும்போது எந்த அசை அழுத்தம் பெறுமோ, அதுவே இங்கும் பெறும். படுக்கையறையாகிய 'ஸ்லாப்காமரில்' ஸ்லாப் அழுந்தும். விடுதி அறையாகிய 'ஹோடெல்காமரில்' டெல் அழுந்தும். வருமொழியின் 'கா' இரண்டாம் நிலை அழுத்தத்தோடு நெடிலாகவே நீடிக்கும், அதைக் குறுக்கிவிடக்கூடாது. நகர மன்றக் கட்டடமான 'ஸ்டட்ஹௌஸ்', சிவப்பு முட்டைக்கோஸான 'ரோடகோல்' ஆகியவை வருமொழியில் அழுத்தம் பெறும் விலக்குகள். இவற்றை மனப்பாடம் செய்வதே எளிது.

வினைகளில்தான் அழுத்தம் பொருளையே மாற்றுகிறது. 'வோர்கோமன்' என்பதில் 'வோர்' அழுந்தினால் நிகழ்தல். 'கோ' அழுந்தினால் தடுத்தல். முதலாவது வாக்கியத்தில் 'கோம்ட் வோர்' எனப் பிரிந்து, இறந்தகால எச்சத்தில் 'வோர்கெகோமன்' என நடுவே 'கெ' ஏற்கும். இரண்டாவது பிரிவதும் இல்லை, 'கெ' ஏற்பதும் இல்லை.