மாலையில் தேவனாம்பட்டினம்

பொறியியல் முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தேன். கடலூரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் 'பையன் என்ன பண்றான்?' என்று அப்பாவிடம்தான் கேட்பார்கள். நான் பக்கத்திலேயே நிற்பேன்.

அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வு எழுதினேன். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் வராவிட்டால் மீதி விடைகளை மதிப்பிடவே மாட்டார்கள். அங்கேயே விழுந்தேன். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவன், வெளியே சொல்லவே கூச்சம்.

நூலகத்தில் எதிரே உட்காரும் அக்கா பி.ஏ. தமிழ். ஒருநாள் வட்டிக் கணக்கு கேட்டார். சரி, பதிலுக்குத் தமிழ் இலக்கணத்தில் புணர்ச்சி விதி சொல்லிக்கொடுங்கள் என்றேன். அப்புறம் இன்னும் இருவர் சேர்ந்தார்கள். மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை, சுண்டல், ஆளுக்கு 20 கேள்வி. தவறை மறைக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. முதல் நாள் எனக்கு வாயே வரவில்லை. அக்கா முந்திக்கொண்டு தன் கணக்கு மதிப்பெண்ணைச் சொன்னார்: 3. எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அடுத்த தேர்வில் தமிழைத் தாண்டிவிட்டேன். வேலை இன்னும் வரவில்லை. கல்யாணங்களில் இப்போது நானே பதில் சொல்கிறேன்.