டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்கில் பிளக் அடிக்கடி கரி பிடிக்கிறதா?
ஸ்பார்க் பிளக் அடிக்கடி கரி பிடித்தால், ஏர் ஃபில்டர் சுத்தமாக இருப்பதையும் சோக் முழுவதும் விடுபட்டிருப்பதையும் உறுதி செய்தபின், கார்புரேட்டரின் பைலட் ஜெட்டை (எரிபொருள் செல்லும் சிறு துளையுள்ள திருகு) ஒரே ஓர் அளவு சிறியதாக மாற்றிப் பாருங்கள். குறைந்த வேகத்தில் எரிபொருள் பெரும்பாலும் அந்த ஜெட் வழியாகவே செல்வதால், அளவுக்கு மீறிய பெட்ரோல் முழுதாக எரியாமல் பிளக் முனையில் ஈரமான கறுப்புப் படலமாகத் தங்குகிறது. பலர் செய்வதுபோல பெட்ரோலில் கலக்கும் ஆயிலின் அளவை மட்டும் குறைத்தால், கலவையில் பெட்ரோலின் பங்கு இன்னும் கூடுவதோடு பிஸ்டனும் தேயும் என்பதால், தயவுசெய்து அதைத் தவிர்த்துவிடுங்கள்.

விடாமல் வெண்புகை வந்து, கியர் ஆயிலும் குறைந்துகொண்டே போனால், கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் (கியர் ஆயில் எஞ்சினுக்குள் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கசியக்கூடும்; அதை ஜெட் மாற்றிச் சரிசெய்ய முடியாது.