செத்தவர் வாய் திறக்கக் கூடாது: நண்பர்களோடு இம்போஸ்டர் கேம் ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனிக்கிழமை இரவு பத்தரை மணிக்கு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு லாபி கோட், அதாவது ஆன்லைன் ஆட்ட அறைக்குள் நுழையும் குறியீடு, வந்து விழும். நான் கோலாலம்பூர் செந்தூலில், சித்தி மகன் பிரிக்ஃபீல்ட்ஸில், பெரியம்மா மகள் பட்டர்வொர்த்தில், என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேர் செராஸில், அவர்களுடைய நண்பர்கள் இரண்டு மூன்று பேர். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் வீட்டோடு கிடந்த காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம், இன்னும் விடவில்லை. பெரும்பாலும் அமாங் அஸ்தான். அதில் கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் இம்போஸ்டர், டாஸ்க் என்ற சின்னச் சின்ன வேலைகளைச் செய்யும் மற்றவர்களை, அதாவது குருமேட்களை, ஒவ்வொருவராகக் கொல்வார். பிணம் கிடைத்ததும் மீட்டிங் கூடிப் பேசி, ஓட்டுப் போட்டு ஒருவரை வெளியேற்றுவோம். கொஞ்சம் பயந்து நடுங்கலாம் என்று தோன்றினால் டிசீட் என்ற திகில் கேம். இத்தனை காலத்தில் கேம் சலித்துப் போய் யாரும் எங்கள் குழுவை விட்டு விலகியதில்லை. விலகியவர்கள் எல்லாரும் மனசு நொந்துதான் விலகினார்கள். அந்த நோவுக்குக் காரணமான தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன்.

இந்த வகை ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மற்றது எளிதாகப் புரியும். 1986-இல் மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறையில் இருந்த திமித்ரி டாவிடோஃப் 'மாஃபியா' என்ற ஆட்டத்தை உருவாக்கினார். 1997-இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதையே ஓநாய் மனிதர் கதையாக மாற்றினார். 2018-இல் இன்னர்ஸ்லாத் நிறுவனம் அமாங் அஸை வெளியிட்டது. சட்டை மாறினாலும் உள்ளே இருக்கும் எலும்பு ஒன்றுதான். விஷயம் தெரிந்த ஒரு சிலர், எதுவும் தெரியாத பலர், நடுவில் பேச்சு. பேச்சைத் தவிர வேறு வழியில் விஷயம் கசிந்தால் ஆட்டம் அங்கேயே செத்துவிடும்.

அப்படிக் கசியும் முதல் ஓட்டை, செத்தவரின் வாய். கழுத்தில் கத்தி இறங்கியதும் "ஐயோ, நீயாடா!" என்று தன்னால் வந்துவிடும். சொல்லே வேண்டாம், 'ச்ச' என்ற ஒரு சத்தம் போதும். யார் செத்தது, எப்போது செத்தது என்று எல்லாருக்கும் தெரிந்துபோகும். யாரோ பிணத்தைக் கண்டுபிடிக்கும் வரை அது தெரியாமல் இருப்பதில்தான் இம்போஸ்டரின் உயிரே இருக்கிறது. கேம் ஓடும்போது எல்லாருடைய மைக்கும் அடைத்திருக்க வேண்டும், மீட்டிங் வந்தால் உயிரோடு இருப்பவர் மட்டும் திறக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். செத்தவர்கள் பேச டிஸ்கார்ட் என்ற குரல் அரட்டைச் செயலியில் தனி அறை வைத்துக்கொள்ளலாம்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. செத்துவிட்டோமே என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேகி போடப் போய்விடுவார்கள். அமாங் அஸில் குருமேட் ஆவியாகவும் டாஸ்க் செய்ய வேண்டும். ஆவி முடிக்கும் டாஸ்க்கும் வெற்றிக் கணக்கில் சேரும். மேகி வெந்துகொண்டிருந்த மூன்று நிமிடத்தில் நாங்கள் தோற்ற ஆட்டங்கள் உண்டு.

அடுத்தது நம்மவர்களிடம் நான் அதிகம் பார்க்கும் தவறு, சத்தியம். எல்லாரும் சேர்ந்து நெருக்கும்போது சித்தி மகன் ஒரு நாள் "அம்மா சத்தியமா நான் இல்லடா" என்று சொல்லிவிட்டான். உடனே எல்லாரும் நம்பிவிட்டோம், ஏனென்றால் எங்கள் வீட்டில் யாரும் அம்மா மேல் பொய்ச் சத்தியம் செய்ய மாட்டார்கள். அவன் சொன்னதும் உண்மைதான். ஆனால் அடுத்த ரவுண்டிலேயே இன்னொருத்தரைப் பார்த்து "அப்ப நீ சத்தியம் பண்ணு பாப்போம்" என்று ஆரம்பித்துவிட்டது. இம்போஸ்டராக இருப்பவருக்கு இப்போது இரண்டே வழி. தாயின் தலையில் பொய்யை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு வெளியேற வேண்டும்.

தைப்பூசத்துக்கு விரதம் இருந்த நேரத்தில் பெரியம்மா மகள் அவசரத்தில் "முருகன் மேல ஆணையா" என்று சொல்லி ஜெயித்துவிட்டாள். இம்போஸ்டர் அவள்தான். நாங்கள் கைதட்டிச் சிரித்தோம், அவள் சிரிக்கவில்லை. பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் நேர்ந்திருந்த பிள்ளை, இரண்டு வாரம் ஆட வரவில்லை. கேட்டபோது "மனசு ஒரு மாதிரியா இருக்குக்கா" என்றாள். அதற்குப் பிறகு சாமி, அம்மா, பிள்ளை, வாங்கிய கடன், செய்த உதவி எதையும் மீட்டிங்குக்குள் கொண்டுவரக் கூடாது என்று முடிவு செய்தோம். யார் எங்கே நின்றார், யாரோடு நடந்தார், எந்த டாஸ்க் செய்தார் என்பது மட்டும்தான் பேச்சு. பொய்க்கு ஒரு வேலி போட்டால்தான் அதற்குள் தைரியமாகப் பொய் சொல்ல முடியும்.

வாயில்லாதவரை வெளியேற்றுவது மூன்றாவது தவறு. இது கோலாலம்பூர் மாதிரி ஊரில் இன்னும் ஆழமாக வெட்டும். எங்கள் லாபியில் தமிழர்கள் அதிகம், செராஸ் நண்பர்களில் ஒருவர் சீனர். லாபியில் மலாய், ஆங்கிலம் கலந்து பேசுவோம். ஆனால் பிணம் விழுந்து ரத்தம் சூடேறினால் வாயில் தமிழ்தான் வரும். அவருக்கு நடுநடுவே தன் பெயர் மட்டும் காதில் விழும், எதற்கு என்று புரியாது. பதில் சொல்லாததால் "அவன் அமைதியா இருக்கான், சஸ்" (சந்தேகத்துக்குரியவன்) என்று ஓட்டுப் போடுவோம். தொடர்ந்து நாலு ரவுண்டு முதல் மீட்டிங்கிலேயே அவரை அனுப்பியிருக்கிறோம். ஒரு தடவைகூட அவர் இம்போஸ்டர் இல்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆடக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிறுத்தி வைத்த மாதிரி.

சரி செய்வது கடினமில்லை. லாபியில் தமிழ் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் மீட்டிங் பேச்சு எல்லாருக்கும் தெரிந்த மொழியில் இருக்கட்டும். விவாதம் தொடங்குமுன் ஆளுக்கு ஒரு வாக்கியம் பேச முறை கொடுங்கள். புதிதாக வந்தவருக்கும் கூச்ச சுபாவம் உள்ளவருக்கும் அந்த ஒரு வாக்கியம் பெரிய கதவு. முறை கொடுக்க ஆரம்பித்த பிறகுதான், யார் எந்தப் பக்கம் போனார் என்று எங்களில் அதிகம் கவனித்து வைத்திருப்பது அந்தச் செராஸ் நண்பர்தான் என்று எங்களுக்குத் தெரிந்தது.

எண்ணிக்கையில் நடக்கும் தவறும் சின்னதில்லை. 7 பேர் சேர்ந்ததும் 2 இம்போஸ்டர் வைத்தால் விறுவிறுப்பாக இருக்கும் என்று தோன்றும். போட்டுப் பாருங்கள், குருமேட் 5 பேர். இம்போஸ்டர் ஆளுக்கு ஒரு கொலை செய்தால் 3. ஒருவரைத் தப்பாக வெளியேற்றினால் 2-க்கு 2, இரு பக்கமும் சமமானால் இம்போஸ்டருக்கே வெற்றி, ஆட்டம் முடிந்தது. வாய் திறக்கவே நேரமில்லை. 9 பேர் சேரும் வரை ஒரே இம்போஸ்டர் போதும் என்பது என் கருத்து. அதே கணக்கு ஓட்டுக்கும் உதவும். ஆரம்பத்தில், கையில் ஆதாரமே இல்லாதபோது ஸ்கிப் செய்வது, அதாவது யாருக்கும் ஓட்டுப் போடாமல் விடுவது, புத்திசாலித்தனம். 5 பேர் மிஞ்சி அதில் 2 இம்போஸ்டர் என்றால் ஸ்கிப் செய்யவே கூடாது, அடுத்த கொலையோடு தோல்வி.

விஷுவல் டாஸ்க் என்ற செட்டிங்கைக் கவனிக்காமல் விடுவார்கள். அது திறந்திருந்தால், குருமேட் செய்யும் சில டாஸ்க் மற்றவர் கண்ணுக்கும் தெரியும்; ஒருவர் மெட்பே என்ற மருத்துவ அறையில் ஸ்கேன் எடுப்பதைப் பார்த்தவுடன் அவர் நல்லவர் என்று உறுதியாகிவிடும். புதியவர்கள் வந்திருந்தால் திறந்து வையுங்கள். பழகிய கூட்டத்துக்கு அடைத்துவிடலாம்.

வீட்டு உறவை உள்ளே கொண்டு வருவது இன்னொன்று. மூத்த அண்ணன் ஆட வந்தால் யாரும் அவரைச் சந்தேகப்பட மாட்டார்கள், "அண்ணே, நீங்களா?" என்று கேட்கவே நாக்கு கூசும். அவர் நிம்மதியாக எல்லாரையும் தீர்த்துக்கட்டுவார். புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஆடினால் ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொடுக்க மாட்டார். ஆட்டம் முடியும் வரை எல்லாரையும் கலரின் பெயரால் கூப்பிடுங்கள். "சிவப்பு எங்கே இருந்துச்சு?" என்று தம்பி அண்ணனைப் பார்த்துக் கூசாமல் கேட்கலாம். போன வாரம் நன்றாகப் பொய் சொன்னார் என்பதற்காக இந்த வாரமும் அவரையே முதலில் வெளியேற்றுவதும் வேண்டாம். திறமைக்குத் தண்டனை கொடுத்தால் அடுத்த தடவை யாரும் மனசு வைத்து ஆட மாட்டார்கள்.

டிசீட் மாதிரியான கேமுக்குத் தனி எச்சரிக்கை. 2017-இல் வந்த அந்தக் கேமில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் தொற்றுப் பிடித்தவர்கள். போதுமான ரத்தம் குடித்திருந்தால் விளக்கு அணைந்ததும் அவர்கள் மிருகமாக மாறித் துரத்துவார்கள். திடீரென்று ஹெட்போனில் அலறல் வரும். முதல் தடவை ஆடுபவரிடம் அதைச் சொல்லாமல் விடுவது குறும்பில்லை, கொடுமை. சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். பயம் தாங்காதவர் ஒரு ரவுண்டு பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கட்டும். அடுக்குமாடி வீட்டுச் சுவர் எவ்வளவு மெல்லியது என்பதும் நினைவில் இருக்கட்டும். நான் நள்ளிரவில் ஒரு தடவை அலறி, எதிர்வீட்டுப் பாட்டி பதறியடித்துக் கதவைத் தட்டியிருக்கிறார். இப்போது பதினொன்றரைக்கு மேல் அமாங் அஸ் மட்டும்.

ரவுண்டு முடிந்ததும் நேராக அடுத்த ரவுண்டுக்கு ஓடுவதைத்தான் கடைசியாகச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் எல்லாரும் மைக்கைத் திறந்து, இம்போஸ்டர் தான் செய்ததை முழுக்கச் சொல்லட்டும். தப்பாக வெளியேறியவர் திட்டித் தீர்க்கட்டும், ஓட்டுப் போட்டவர்கள் மன்னிப்புக் கேட்கட்டும். முன்பெல்லாம் ரவுண்டு முடிந்ததும் செராஸ் நண்பரின் பெயர் லாபியிலிருந்து சத்தமில்லாமல் மறைந்துவிடும். போன சனிக்கிழமை அவர்தான் இம்போஸ்டர். இம்போஸ்டர் மட்டும் நுழையக்கூடிய வென்ட் என்ற காற்றுக்குழாய் வழியாக எப்படி வந்தார், பெரியம்மா மகளை எதற்குக் கடைசி வரை விட்டுவைத்தார் என்று மலாயில் விடாமல் விளக்கிக்கொண்டிருந்தார். நடுவே பெரியம்மா மகளைப் பார்த்துத் தமிழில் "பாவம் லா" என்றார். அடுத்த ரவுண்டை ஆரம்பிக்க யாருக்கும் மனசு வரவில்லை.