பிள்ளைக்குக் கால் வலியா? பாதத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பது எப்படி

போன வருஷம் ஜூலையில் என் பையன் பள்ளி விட்டு வரும்போதெல்லாம் விந்தி விந்தி நடந்தான். வயது பத்து. கேட்டால் "குதிகால் வலிக்குதும்மா" என்பான். பி.டி. பீரியட் உள்ள நாளில்தான் வலி அதிகம். சரி, மைதானத்துக்குப் போகாமலிருக்கச் சாக்கு சொல்கிறான் என்று நானே முடிவு கட்டி, மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். கடைசியில் டாக்டரிடம் போனால், அவர் கேட்டது இரண்டே கேள்வி. எந்த இடம் என்று ஒரு விரலால் காட்டு, எப்போது வலிக்கும்? பிறகு குதிகாலை ஒரு அழுத்து அழுத்தினார், அவ்வளவுதான், விஷயம் தெரிந்துவிட்டது. ஸ்கேன் இல்லை, எக்ஸ்ரே இல்லை.

அந்த இரண்டு கேள்வியையும் நானே வீட்டில் கேட்டிருக்கலாம். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இது வைத்தியம் பார்க்க அல்ல, எதைக் கவனிப்பது என்று தெரிந்துகொள்ள. ஒரு பெரிய வெள்ளைத் தாள், பென்சில், ஸ்கேல், பிள்ளையின் பழைய ஷூ, நல்ல வெளிச்சம். இவை போதும்.

படி 1: ஒரு விரலால் காட்டச் சொல்லுங்கள்

"எங்கே வலிக்குது?" என்றால் பிள்ளைகள் முழங்காலிலிருந்து பாதம் வரை தடவிக் காட்டுவார்கள். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டி, ரொம்ப வலிக்கிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். இரண்டு தடவையும் விரல் ஒரே இடத்துக்குப் போனால் அதை நம்பலாம்.

மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்கு இது வராது. நீங்களே தொட்டுப் பார்க்க வேண்டும். முதலில் வலியில்லாத காலை விரல் விரலாக அழுத்துங்கள், விளையாட்டு மாதிரி. அப்புறம் வலிக்கிற கால். உங்கள் கண் காலில் இருக்க வேண்டாம், பிள்ளையின் முகத்தில் இருக்கட்டும்.

எப்போது வலிக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள். காலையில் எழுந்ததுமா, ஓடும்போதா, ஓடி முடித்த பிறகா, ராத்திரியிலா, ஷூ போட்டால் மட்டுமா? பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

படி 2: வெறுங்காலைப் பாருங்கள்

சாக்ஸைக் கழற்றிவிட்டு விரலிடுக்கு, நக ஓரம், உள்ளங்கால், குதிகாலின் பின்பக்கம் எல்லாம் பாருங்கள். முள், கண்ணாடிச் சில், கொப்புளம், வெடிப்பு, சேற்றுப்புண் என்று பாதி வலிகள் இங்கேயே பிடிபட்டுவிடும். இரண்டு பாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வீக்கம் தெரியும்.

படி 3: அளவு எடுங்கள்

இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். நம் வீடுகளில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ஒரு கறுப்பு ஷூ வாங்குவோம். அடுத்த ஜூன் வரை அதுதான். "வளர்ற பிள்ளை" என்று கடைக்காரரும் நாமும் சேர்ந்து ஒரு சைஸ் பெரிதாக எடுத்து, முன்னால் பஞ்சு அடைத்துக் கொடுப்போம். முதல் ஆறு மாதம் ஷூ லொடலொடவென்று ஆடும். பாதம் உள்ளே சறுக்கும், குதிகால் உரசிக் கொப்புளிக்கும், ஷூ கழன்றுவிடாமல் இருக்கப் பிள்ளை விரல்களை மடக்கி இறுக்கிக்கொண்டே நடக்கும். அடுத்த ஜூன் நெருங்கும்போது அதே ஷூ இறுக்க ஆரம்பிக்கும். பள்ளி வயதில் பாதம் வருஷத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளரும். நம் ஊர் ஷூவில் ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய 8.5 மி.மீ. தான். கணக்குப் போட்டால் ஏன் இறுக்குகிறது என்று புரியும்.

அளக்கும் விதம் இது. சாயங்காலம் அளக்க வேண்டும், நாள் முழுக்க நடந்த பிறகு பாதம் சற்றே பெருத்திருக்கும். தாளைச் சுவரை ஒட்டித் தரையில் போடுங்கள். பிள்ளை குதிகாலைச் சுவரில் முட்டி, இரண்டு காலிலும் சமமாக நின்றுகொள்ளட்டும். உட்கார வைத்து அளந்தால் தப்பாகும், எடை ஏறினால்தான் பாதம் முழுதாக நீளும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றி வரையுங்கள். மிக நீளமான விரலின் நுனியில் ஒரு கோடு. அது பெருவிரலாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, சிலருக்கு இரண்டாவது விரல் நீளம். இரண்டு பாதத்தையும் அளந்து, எது பெரிதோ அதைக் கணக்கில் எடுங்கள். அந்த நீளத்தோடு ஒரு செ.மீ. சேர்த்தால், ஷூவின் உள்நீளம் கிடைக்கும்.

இப்போது பழைய ஷூ. உள்ளே இருக்கும் மெத்தையை உருவி, அதன்மேல் பிள்ளையை நிற்க வையுங்கள். விரல் நுனிக்கு முன்னால் இடமே இல்லை, அல்லது விரல் வெளியே தொங்குகிறது என்றால் வலிக்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. நான் இப்படிப் பார்த்த அன்று என் பையனின் சுண்டுவிரல் பாதி வெளியே இருந்தது. மெத்தையில் பெருவிரல் பதிந்த இடத்தில் ஒரு பள்ளம், முனை வரைக்கும். அவன் ஒரு தடவைகூட இறுக்குகிறது என்று சொன்னதில்லை. பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். ஷூ என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும். அண்ணன் போட்டதைத் தம்பிக்குக் கொடுப்பதைச் சட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஷூ ஏற்கெனவே அண்ணன் காலுக்கு வளைந்து போயிருக்கும்.

படி 4: வலிக்கிற இடத்தை வைத்துக் காரணத்தைத் தேடுங்கள்

*குதிகால்.* சுமார் எட்டிலிருந்து பதினான்கு வயதுக்குள், ஓடியாடும் பிள்ளைக்குக் குதிகால் வலி என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது சீவர் நோய். 1912-ல் இதை விவரித்து எழுதிய அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் வாரன் சீவரின் பெயர். நோய் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது வளர்கிற எலும்பின் மேல் விழும் இழுவைதான். இந்த வயதில் குதிகால் எலும்பின் பின்பக்க நுனி முழு எலும்பாக ஆகியிருக்காது, நடுவில் குருத்தெலும்பு இருக்கும். கெண்டைக்கால் சதையிலிருந்து இறங்கும் தடித்த நாண் அந்த நுனியைத்தான் மேலே இழுக்கிறது. எலும்பு சட்டென்று நீளும்போது சதை அந்த வேகத்துக்கு நீளாது, இழுவை கூடும். அதோடு தட்டையான கேன்வாஸ் ஷூவில் சிமென்ட் தரையில் ஓடினால், குதித்தால், வலி வரும்.

சோதிப்பது சுலபம். குதிகாலின் இரு பக்கமும் விரல்களை வைத்து, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி மெல்ல அழுத்துங்கள். பிள்ளை காலை உருவிக்கொண்டால் பெரும்பாலும் இதுதான். என் பையனுக்கு டாக்டர் செய்ததும் இதேதான்.

செய்ய வேண்டியவை: வலி குறையும் வரை ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைப்பது. துணியில் சுற்றிய ஐஸை 10, 15 நிமிடம் வைப்பது. இரண்டு ஷூவிலும் குதிகால் மெத்தை போடுவது, ஒரு கால்தான் வலித்தாலும் இரண்டிலும் போட வேண்டும், உயரம் சமமாக இருப்பதற்காக. அப்புறம் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. சுவரில் இரு கையும் ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் வைத்து, முட்டி மடங்காமல், குதிகால் தரையை விட்டு எழும்பாமல், உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். 30 விநாடி, மூன்று தடவை, காலையும் மாலையும். முகம் சுளிக்கிற அளவுக்கு வலித்தால் நிறுத்திவிடுங்கள். சில வாரங்களிலிருந்து ஓரிரு மாதத்துக்குள் பெரும்பாலும் சரியாகும். அந்த எலும்பு முழுதாக ஒட்டிக்கொள்ளும் வரை, அதாவது பதினான்கு பதினைந்து வயது வரை, அவ்வப்போது திரும்பவும் வரலாம்.

*பாதத்தின் வளைவு.* "என் பிள்ளைக்குத் தட்டைப்பாதம், ஸ்பெஷல் ஷூ வாங்கட்டுமா?" என்று கேட்காத அம்மாக்கள் குறைவு. குழந்தையாக இருக்கும்போது எல்லாப் பாதமும் தட்டைதான், வளைவு தெரிய ஆறேழு வயதுகூட ஆகலாம். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பாருங்கள். அப்போது வளைவு எழும்பினால் அது நெகிழ்வான தட்டைப்பாதம். வலி இல்லையென்றால் அதற்கு ஒன்றுமே செய்ய வேண்டாம். நுனிக்காலில் நின்றும் தட்டையாக, விறைப்பாகவே இருந்தாலோ, வலி இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. 2,300 பிள்ளைகளின் கால்தடத்தை எடுத்துப் பார்த்த இந்திய ஆய்வு ஒன்று 1992-ல் வெளியானது. ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப்பாதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம். வீட்டுக்குள் செருப்பில்லாமல் ஓடும் பிள்ளையை அதட்டாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். முள்ளும் ஆணியும் கிடக்கும் தெருவுக்கு மட்டும் செருப்பு கட்டாயம்.

*உள்ளங்காலில் கெட்டியாக ஒரு புள்ளி.* கால் ஆணியா, மருவா என்று குழப்பம் வரும். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரு பக்கமும் பிடித்துக் கிள்ளினால் வலிப்பது, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிவது, மரு. மரு வைரஸால் வருவது. பிள்ளைகளுக்கு அதுதான் அதிகம். பிளேடால் சீவாதீர்கள், மருந்துக்கடையில் கிடைக்கும் ஆசிட் பிளாஸ்டரை நீங்களாகவே ஒட்டவும் வேண்டாம்.

*நக ஓரம்.* ஓரத்தை வளைத்து ஆழமாக வெட்டினால் நகம் சதைக்குள் புகுந்து வளரும். நேராக வெட்டுங்கள். சிவந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் 10, 15 நிமிடம் வைக்கலாம். சீழ் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

*ராத்திரி வலி.* தூங்கப் போகும் நேரத்தில் அழுவான், காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுவான். பொதுவாக இரண்டு காலிலும், கெண்டைக்காலிலோ தொடையிலோ முட்டிக்குப் பின்னாலோ வரும். இதை வளர்ச்சி வலி என்கிறார்கள், வளர்வதற்கும் இதற்கும் உண்மையில் தொடர்பு இருப்பதாக நிரூபணம் ஆகவில்லை. என் மாமியார் இதற்கு நல்லெண்ணெயைக் காய்ச்சித் தேய்ப்பார். அதில் ஒரு நல்ல சோதனையும் ஒளிந்திருக்கிறது. வளர்ச்சி வலி உள்ள பிள்ளை "இன்னும் தேய்" என்று காலை நீட்டும். அடியோ வீக்கமோ உள்ள பிள்ளை தொடவே விடாது. அதேபோல எப்போதும் ஒரே காலில், ஒரே இடத்தில் வருவதை வளர்ச்சி வலி என்று விட்டுவிடாதீர்கள்.

*முள், துருப்பிடித்த ஆணி.* சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். ஆழமாகப் போயிருந்தால் குத்திக் கிளறாதீர்கள், மஞ்சள்பொடி அடைக்காதீர்கள். அரசுத் தடுப்பூசி அட்டவணைப்படி 5–6 வயதிலும், 10 வயதிலும், 16 வயதிலும் டெட்டனஸ் சேர்ந்த ஊசி உண்டு. அட்டையை எடுத்துக்கொண்டு அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.

படி 5: எப்போது காத்திருக்கக் கூடாது

காலை ஊன்றவே மாட்டேன் என்றால், கால்வலியோடு காய்ச்சல் இருந்தால், ஒரு இடம் சிவந்து சூடாக வீங்கியிருந்தால், அன்றே போக வேண்டும். எலும்பிலோ மூட்டிலோ கிருமி புகுந்திருந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். விழுந்த பிறகு கணுக்கால் வீங்கினால் "சுளுக்குதான்" என்று நீவிவிடக் கூப்பிடாதீர்கள். இந்த வயதில் தசைநாரைவிட எலும்பின் வளர்ச்சிப் பகுதிதான் பலவீனமானது, முதலில் அடிபடுவதும் அதுவாக இருக்கலாம்.

காலையில் எழுந்ததும் விறைப்பு, நடக்க நடக்கச் சரியாவது, ஒரு வாரத்துக்கு மேல் விந்தி நடப்பது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, கூடவே எடை குறைவது, வெளிறிப்போவது, காரணமில்லாமல் உடம்பில் கன்றிய தடங்கள் என்று எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். பாதத்தில் ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் விந்துகிறான் என்றால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இடுப்புமூட்டில் பிரச்சினை இருக்கும் பிள்ளைகள் சில சமயம் முட்டி வலிக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

போகும்போது படி 1-ல் குறித்ததையும், காலை வரைந்த தாளையும், தினமும் போடும் ஷூவையும் ஒரு பையில் எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று திருப்பிப் பார்ப்பார்கள். சாக்ஸை மட்டும் துவைத்துவிடுங்கள், நான் மறந்துவிட்டேன்.